அம்மிச்சி நோட்டும் கோலப்பொடி டவரும்: செல்போன் எப்பிடி வேலை செய்யுதுன்னு பசங்களுக்கு வெளையாட்டா சொல்லிக் குடுக்கறது

மே லீவுக்கு தங்கச்சி பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல இருந்து எங்க தோட்டத்துக்கு வந்திருந்தாங்க, காங்கேயம் பக்கம், மாடியில ஏறி நின்னா சிவன்மலை தெரியும். பெரியவன் அஞ்சாவது, சின்னவ ரெண்டாவது. வந்த மறுநாளே சின்னவ கேட்டா, "மாமா, நான் பேசறது அம்மா போனுக்கு எப்பிடி போகுது, பறந்தா போகுது?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பெரியவன், "சேட்டிலைட்டுக்கு போயிட்டு வரும், இது கூட தெரியாதா"ன்னுட்டான். அவனச் சொல்லி குத்தமில்லீங்க, பேக்கரியில உக்காந்து நாயம் பேசற பெரியவங்களக் கேட்டாலும் பாதிப்பேரு இதத்தான் சொல்லுவாங்க.

நெசத்துல என்னன்னா நம்ம பேச்சு ஆகாசத்துல போறது நம்ம கையில இருந்து பக்கத்து டவர் வரைக்கும் தான், அங்கிருந்து பெரும்பாலும் தரைக்கடியில கேபிள்ல போகுது, கடைசியா அந்தப்பக்கத்து டவர்ல இருந்து அவங்க காது வரைக்கும் மறுபடி சித்த தூரம் ஆகாசம். இத ஒன்ன புரிய வெச்சுட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும். நான் ரெண்டு நாள் பொழுதோட வாசல்ல வெச்சு வெளையாட்டாவே சொல்லிக் குடுத்தேன், நல்லா வேலை செஞ்சுது, உங்க வீட்டுப் பசங்களுக்கும் பண்ணிப் பாருங்க.

வெளையாட்டுக்கு முன்னாடி டவர கண்ணால காட்டிருங்க. வேலிக்குள்ளார போக வேண்டாம், ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தா போதும். உச்சியில நீட்டு நீட்டா பொட்டி மாதிரி தொங்கும், அதுதான் ஆன்டனா. மூணு பக்கம் பாத்த மாதிரி கட்டியிருப்பாங்க, வட்டத்த மூணா பங்கு போட்டு ஆளுக்கு ஒரு பங்குன்னு ஒவ்வொன்னும் ஒரு பக்கத்த பாத்துக்கும். சில டவர்ல மத்தளம் மாதிரி உருண்டையா ஒன்னு இருக்கும், அது நம்ம போனோட பேசாது, கேபிள் போடாத எடத்துல ஒரு டவர் இன்னொரு டவரோட நேருக்கு நேரா பேசிக்கறதுக்கு. கீழ இருக்கற பொட்டியில மிஷினு, பேட்டரி, சில எடத்துல பக்கத்துலயே டீசல் ஜெனரேட்டர். ராத்திரி உச்சியில எரியற செவப்பு லைட்டு போனுக்காக இல்ல, ஏரோப்ளேன்காரருக்கு. எங்க சின்னவ கரண்ட் எடுக்கற காத்தாடியையும் டவர்ன்னே நெனைச்சிட்டு இருந்தா, தாராபுரம் ரோட்டுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் காத்தாடியா நிக்குதுங்களா, இத்தன டவர் இருந்தும் ஏன் சிக்னல் இல்லைன்னு கேட்டுட்டா!

போனுக்கும் டவருக்கும் நடுவுல பேச்சு ரேடியோ அலையாத்தான் போகுது, அப்பிடின்னா என்னன்னு கேப்பாங்க. இருட்டுனதுக்கு அப்பறம் டார்ச் லைட்ட எடுத்து வெச்சுக்குங்க. லைட்டு அமத்தி அமத்தி போட்டா தூரத்துல இருக்கறவனுக்கு சேதி சொல்லலாம் இல்லீங்களா, போனும் அப்பிடி ஒரு டார்ச்தான், என்ன, அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கு தெரியாது, டவருக்கு மட்டும் தெரியும். வெளிச்சம் போற வேகத்துலயே போகும், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். செவத்துக்கு அக்கட்ட போனா டார்ச் மறைஞ்சிரும், ரேடியோ அலை செவத்தக் கொஞ்சம் துளைச்சுட்டு போகும், ஆனா மலைய தாண்டாது, தகரத்தையும் தாண்டாது. அதனாலதான் வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவுலயும் போன்ல சிக்னல் கோடு ஏறி எறங்கிட்டே இருக்கும், தகர சீட் போட்ட தறிக்குடோனுக்குள்ள போனா பேச்சு அந்துரும். போன் விடற வெளிச்சம் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க, 4ஜி போன்ல அதிகபட்சமே 0.2 வாட்டு கிட்டதான், அந்தத் துளியூண்ட ஒரு டவர் ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி நின்னு புடிச்சுக்குது பாருங்க, எனக்கு இன்னமும் ஆச்சரியந்தான்.

சரி வெளையாட்டுக்கு வருவோம். கோலப்பொடி, கட்டுத்தரையில கெடக்கற நைலான் கயிறு, துணி கிளிப்பு, துண்டுப்பேப்பரு, ஒரு நோட்டு, இவ்வளவுதான். பக்கத்து தோட்டத்து பசங்களையும் கூப்புட்டா ஏழு பேரு தேறுனாங்க. வாசல்ல கோலப்பொடியில ஏழு வட்டம் போட்டேன், நடுவுல ஒன்னு, சுத்தி ஆறு, ஒன்னோடொன்னு ஒட்டுனாப்புல. பாத்தா தேன்கூடு மாதிரி இருக்கும், அந்த ஒவ்வொரு அறைக்கும் பேருதான் செல், செல்போன்ங்கற பேரே அங்கிருந்து வந்ததுதான், பேட்டரிக்கு போடற செல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஊர இப்பிடி அறை அறையா பிரிச்சுக்கலாம்னு அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்துல 1947லயே எழுதி வெச்சுட்டாங்க, கையில புடிச்சுப் பேசற போன் வர்றதுக்கு அப்பறமும் 26 வருசம் ஆச்சு. 1973 ஏப்ரல் 3ந்தேதி மோட்டோரோலா கம்பெனி மார்ட்டின் கூப்பர் நியூயார்க் ரோட்டுல நின்னு மொதல் கால் போட்டாரு, அதுவும் யாருக்கு, போட்டியா இதே வேலையில இருந்த பெல் லேப்ஸ்காரருக்கு! அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல, ஒரு கிலோ சக்கரப் பாக்கெட்ட காதுல வெச்சுப் பேசச் சொல்லுங்க பசங்கள, புரிஞ்சிரும்.

அஞ்சு பசங்க அஞ்சு வட்டத்துல டவரா நின்னாங்க. ஆள் பத்தாம ரெண்டு வட்டத்துல வெறும் பிளாஸ்டிக் சேர போட்டேன், அது கரண்ட் போயி பேட்டரியும் தீந்து போன டவர், எங்கூர்ல அதுக்கு பஞ்சமில்ல, மழை பேஞ்சா அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரத்துல சிக்னல் போயிரும். மீதி ரெண்டு பேரு, எங்க பெரியவனும் சின்னவளும், போன். கயித்துக்கட்டல்ல எங்கம்மா, அதாவது பசங்களுக்கு அம்மிச்சி, நோட்டோட உக்காந்தாங்க, அவங்கதான் போன் கம்பெனி, யாரு எந்த வட்டத்துலங்கறது அந்த நோட்டுல இருக்கும். ஒவ்வொரு டவர் கையில இருந்தும் கயிறு அம்மிச்சி கட்டலுக்கு போகுது, அந்தக் கயிறுதான் கேபிள்.

சட்டம் ஒன்னே ஒன்னு, போனுக்கு போன் நேரா பேசக்கூடாது. பக்கத்து பக்கத்துல நின்னாலும் கூடாது. பெரியவன் சேதிய துண்டுப்பேப்பர்ல எழுதி அவன் வட்டத்து டவர் கையில குடுக்கோணும், டவர் அத கிளிப்புல மாட்டி கயித்துல தள்ளி விடோணும், அம்மிச்சி நோட்டப் பாத்து சின்னவ எந்த வட்டத்துலன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கயித்துல தள்ளி விடோணும், அந்த டவர் சின்னவ கையில குடுக்கோணும். நம்ம பால் சொசைட்டி மாதிரி வெச்சுக்குங்க. வீட்டுல இருந்து சொசைட்டி வரைக்கும் தூக்குப்போசியில கொண்டு போறோம், அது டவர் வரைக்கும் போற காத்து. சொசைட்டியில இருந்து போறது டேங்கர் லாரி, அது கேபிள்.

மொதல் சேதி நல்லா போச்சு. "சாப்டியா" ன்னு எழுதி அனுப்புனான், பக்கத்துலயே நிக்கற தங்கச்சிக்கு. ரெண்டாவது சேதி அனுப்பறதுக்குள்ள சின்னவ சொல்லாம கொள்ளாம கோழிக்குஞ்ச தொரத்திட்டு வேற வட்டத்துக்கு ஓடிட்டா. அம்மிச்சி நோட்டுல பழைய வட்டந்தான் இருக்குது, சேதி அங்க போச்சு, ஆளக் காணோம். அங்கயே நிறுத்தி சொன்னேன், "பாத்தீங்களா சாமி, நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் எல்லைக்கு வெளியே இருக்கிறாருன்னு ஒரு அக்கா சொல்லுமே, அது இதுதான்." எல்லாரும் அந்த அக்கா மாதிரியே சொல்லிப் பாத்து அரை மணி நேரம் வெளையாட்டு நின்னு போச்சு.

அதனாலதான் நெசப் போன் சும்மா பாக்கெட்டுல கெடந்தாலும் எடம் மாறுறப்ப "நான் இக்கட்ட வந்துட்டேன்"ன்னு சொல்லிட்டே இருக்குது. ஆனா ஒவ்வொரு வட்டத்துக்கும் சொல்லிட்டு இருந்தா பேட்டரி தாங்காதுங்களே, அதுக்கு ஒரு தந்திரம் வெச்சிருக்காங்க. நெறைய டவர சேத்து ஒரு ஏரியான்னு வெச்சுக்குவாங்க, ஏரியா மாறுனா மட்டும் போன் சொன்னாப் போதும். நம்ம நாலு வட்டத்த வேற கலர் பொடியில சுத்தி கோடு போட்டுருங்க. இப்ப அம்மிச்சி நோட்டுல "மஞ்சக் கோட்டுக்குள்ள"ன்னு மட்டும் தான் இருக்கும். கால் வந்தா அந்த ஏரியாவுல இருக்கற எல்லா டவரும் ஒண்ணா கத்தோணும், "சின்னவளே எங்கிருக்கற?" சின்னவ தன் வட்டத்து டவர் காதுல மட்டும் "இங்க இருக்கறேன்"னு சொல்லோணும், அப்பறம்தான் மணி அடிக்கும். நம்ம போன் போட்டதும் ரெண்டு மூணு நொடி சத்தமே இல்லாம இருக்கும் பாருங்க, அதுல கொஞ்ச நேரம் இப்பிடி தேடறதுக்குத்தான். பசங்களுக்கு ரொம்ப புடிச்சது இந்த கத்தறதுதான், பக்கத்து தோட்டத்துல இருந்து என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தாங்க.

அடுத்து பஸ்ல போயிட்டே பேசறது. பெரியவன் எழுதிட்டே ஒரு வட்டத்துல இருந்து அடுத்த வட்டத்துக்கு நடக்கோணும். போன் பேசிட்டு இருக்கறப்பவே அக்கம்பக்கத்து டவர் எவ்வளவு சத்தமா கேக்குதுன்னு அளந்து அளந்து தன்னோட டவருக்கு சொல்லிட்டே இருக்கும், அக்கட்ட டவர் சத்தம் எச்சா கேட்டா இந்த டவர் அதுங்கிட்ட கை மாத்தி விட்டுரும். சந்தையில மாட்டுக் கயித்த கை மாத்தற மாதிரிதான், வாங்கறவன் தயாரா நின்னாத்தான் விக்கறவன் விடுவான், இல்லீன்னா காளை தப்பிச்சிரும். காங்கேயத்துல இருந்து திருப்பூர் போற 25 கிலோமீட்டர்ல இப்பிடி எத்தனையோ தடவ கை மாறுது, நமக்கு தெரியறதே இல்ல. சேர் இருக்கற வட்டத்துக்குள்ள பெரியவன் கால் வெச்சதும் "கட்டு"ன்னு எல்லாரும் கத்துனாங்க, நான் சொல்லியே குடுக்கல, அவங்களா கண்டுபுடிச்சுட்டாங்க.

பேச்சு எப்பிடி பேப்பர்ல போகும்னு பெரியவன் கேட்டான், நல்ல கேள்வி. சத்தம் அப்பிடியே போறதில்ல, நம்பரா மாறித்தான் போகுது. பழைய 2ஜி போன் பேச்சுல நொடிக்கு 8000 தடவ சத்தத்தோட ஏத்த எறக்கத்த அளந்து எழுதும், அத நொடிக்கு 50 துண்டா கட்டி அனுப்பும். ஒரு வாக்கியத்த எட்டு துண்டுப்பேப்பர்ல எழுதி 1, 2, 3ன்னு நம்பர் போட்டு அனுப்பச் சொல்லுங்க. நடுவுல ஒன்ன மட்டும் நீங்க எடுத்து ஒளிச்சு வெச்சுக்குங்க. "அம்மிச்சி எனக்கு ... சுட்டு வெச்சிருக்காங்க"ன்னு வந்தா, தோசையா பணியாரமான்னு தெரியாது. ஒரு துண்டு போனா போன் ஓரளவு ஊகிச்சு ஒப்பேத்திரும், வரிசையா போச்சுன்னா கர கரன்னு கேக்கும்.

ஒரு டவர்ல எத்தன பேரு பேசலாம்ங்கறத சொல்றதுக்கு எங்க பக்கம் ஒதாரணம் தேட வேண்டியதே இல்ல, பி.ஏ.பி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் இருக்குதுங்களே. ஒரே வாய்க்கால், முறை வெச்சு தண்ணி விடறாங்க. பழைய 2ஜியில ஒரு சேனல, அதாவது அலைவரிசையில ஒரு துண்ட, 8 முறையா பிரிச்சாங்க, எட்டு பேரு மாத்தி மாத்தி பேசறது, ஒரு நொடிக்கு 200 சுத்துக்கு மேல சுத்தறதால யாருக்கும் இடைவெளி தெரியாது. 4ஜியில பாத்திகட்டுன மாதிரி நேரத்தையும் பிரிச்சு அலைவரிசையையும் பிரிச்சு யாருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மடை தொறந்து விடுது. ஆனா எவ்வளவு பிரிச்சாலும் தண்ணி அதே தண்ணிதான், நோம்பியன்னைக்கு கோயில் சுத்தி பத்தாயிரம் பேரு வீடியோ எடுத்து அனுப்புனா கடைமடைக்கு சொட்டு வராது. சிக்னல் நாலு கோடு முழுசா இருக்கும், ஒன்னும் போகாது, கோடுங்கறது டவர் சத்தம் கேக்குதுங்கறதுக்கு மட்டும் தான், உங்களுக்கு முறை கெடைக்கும்னு அர்த்தமில்ல. பெரிய கூட்டத்துக்கு லாரி மேல டவர கட்டி கொண்டாந்து நிறுத்துவாங்க, செல் ஆன் வீல்ஸ்னு பேரு, இங்கிலீஷ் மொத எழுத்த சேத்துப் படிச்சா மாடுன்னு வருது. காங்கேயத்துல இருந்துக்கிட்டு இத சொல்லாம விட முடியுங்களா. "மாமா அது பால் குடுக்குமா"ன்னு சின்னவ.

அப்பறம் பக்கத்து பக்கத்து டவர் ஒரே அலைவரிசையில கத்துனா என்ன ஆகும்? ஒரே நாள்ல ரெண்டு கோயில்ல நோம்பி சாட்டி ரெண்டு ரேடியோ செட்டும் பாடுனா எதுவும் வெளங்காது, ஆனா நாலு ஊரு தள்ளி பாடறது நம்மள தொந்தரவு பண்ணாது. 2ஜியில அதனால அக்கம்பக்க அறைக்கு வேற வேற சேனல், தள்ளி இருக்கற அறைக்கு மறுபடி அதே சேனல். இந்த ஒரு யோசனைதான் கொஞ்சூண்டு அலைவரிசைய வெச்சு இத்தன கோடிப்பேரு பேசறதுக்கு வழி பண்ணுச்சு. புது போன்கள்ல எல்லா டவரும் ஒரே சேனலயே வெச்சுக்கிட்டு தங்களுக்குள்ள ஒத்துப் போறதுக்கு வேற வித்தையெல்லாம் இருக்குது, அது பசங்களுக்கு இப்ப வேண்டாம்.

சிம் கார்டு எதுக்குன்னா, சொசைட்டி அட்டை மாதிரிதான், இன்னாரு பால்ன்னு தெரியோணும் இல்லீங்களா. ஆனா அட்டைய விட கெட்டி. சிம்முக்குள்ள ஒரு ரகசிய நம்பர் இருக்குது, அது வெளிய வரவே வராது, கம்பெனியில இருக்கற நோட்டுல மட்டும் அதோட ஜோடி இருக்கும். நாங்க பண்ணுனது, பெரியவன் காதுல அம்மிச்சி "7"ன்னு சொல்லிட்டாங்க, வேற யாருக்கும் தெரியாது. அப்பறம் சத்தமா "13"ன்னாங்க. பெரியவன் 13ஐ 7ஆல பெருக்கி கடைசி எழுத்து "1"ன்னு சத்தமா சொன்னான், அம்மிச்சியும் போட்டுப் பாத்து சரின்னாங்க. ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் கேக்கறதால ஒட்டுக்கேக்கறவன் பழைய பதில சொல்லி ஏமாத்த முடியாது. பக்கத்து தோட்டத்து பையன் ஒருத்தன் நாலு ரவுண்டுல 7ஐ கண்டுபுடிச்சுட்டான்ங்கறது வேற விசயம், நெச சிம்ல ரகசியம் 128 பிட் நீளம், அதாவது 0, 1ன்னு 128 எழுத்து, அவன் பேரன் காலத்துலயும் முடியாது.

மறுநாள் பாத்திரப் பரிட்சை. எவர்சில்வர் தூக்குப்போசிக்குள்ள என் போன வெச்சு மூடி, தங்கச்சி போன்ல இருந்து அடிச்சோம். மணி அடிச்சிருச்சு! பசங்க முன்னாடி எனக்கு மானமே போச்சு. அப்பறம் ரெண்டு சுத்து அலுமினியத் தாள்ல இடைவெளி இல்லாம சுத்தி அடிச்சதும் அந்த அக்கா வந்துட்டாங்க. போசி மூடி எவ்வளவு இறுக்கினாலும் சுத்திலும் மெல்லிசா சந்து இருக்கும், அலை அதுல கசிஞ்சு உள்ள வந்துரும். தாள்ல சுத்துனத ரொம்ப நேரம் விட்டுராதீங்க, டவர் கேக்கலீன்னா போன் தேடித் தேடி பேட்டரிய தின்னுரும். சிக்னல் இல்லாத ஊருக்கு போனா பொழுதோட சார்ஜ் காலியாகறதும் இதனாலதான், டவர் தூரமா இருந்தா போன் அடித்தொண்டையில கத்திப் பேசோணும்.

சேட்டிலைட் விசயத்த பெரியவன் விடல. சாதாரண சேட்டிலைட் டிவி வர்ற சேட்டிலைட் பூமியில இருந்து கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல இருக்குது, போயிட்டு வர்றதுக்கே கால் நொடி ஆகும், நீங்க ஒன்னு சொல்லி அவங்க பதில் வர்றதுக்குள்ள அரை நொடி, நாம போன் பேசறப்ப அவ்வளவு இடைவெளி விழறதில்லீங்களே. அவங்கப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில இருந்து ஜெர்மனிக்கு ஆர்டர் பேசறப்ப கூட பேச்சு போறது கடலுக்கு அடியில கெடக்கற கேபிள்ல, தலமயிர் அளவு கண்ணாடி இழையில வெளிச்சமா, சென்னைக் கடற்கரையிலயும் அந்த மாதிரி கேபிள் கரையேறுது. அதுக்கப்பறந்தான் ஒத்துக்கிட்டான்.

ஒன்ன மட்டும் வெளையாட்டு இல்லாம சொல்லிக் குடுத்துருங்க. 112. உங்க கம்பெனி டவர் எட்டலீன்னாலும் வேற எந்தக் கம்பெனி டவர் எட்டுனாலும் அந்த கால் போகும். சேர் இருக்கற வட்டத்துல நின்னுட்டு பெரியவன் 112ன்னு எழுதுனா, பக்கத்துல எந்த டவர் பையன் இருந்தாலும் "என்னோட ஆள் இல்ல"ன்னு சொல்லாம வாங்கி கயித்துல போடோணும், அப்பிடி ரெண்டு தடவ பண்ண வெச்சேன்.

ரெண்டாவது நாள் பாதி ஆட்டத்துல அம்மிச்சி கட்டல்லயே கண்ணசந்துட்டாங்க. அஞ்சு கயித்துலயும் சேதி வந்து குமிஞ்சு கெடக்குது, ஒன்னும் நகரல. "மாமா, நெசத்துலயும் இப்பிடி தூங்கிட்டா?"ன்னு சின்னவ கேட்டா. தூங்கிட்டா மாவட்டம் பூரா போன் செத்துரும் கண்ணு, அதுக்குத்தான் அதே நோட்டு இன்னொரு ஊர்லயும் இன்னொருத்தர் கையில இருக்கும்னேன். உடனே ஓடிப் போயி அப்புச்சிய எழுப்பி இன்னொரு நோட்ட கையில குடுத்துட்டா, அவரு கண்ணாடிய போட்டுக்கிட்டு அதுல ரெண்டு எருமைக்கும் அன்னைய பால் கணக்க எழுத ஆரம்பிச்சுட்டாரு.